கனடாவிலிருந்து வந்த ஸ்டீரியோ செற்றை வன்னி வீட்டில் பூட்டுவது எப்படி?

தம்பி, உங்கள் அக்கா ரொறன்ரோவிலிருந்து கொண்டு வந்த சிறிய ஸ்டீரியோ செற் ஒரு மாதமாகப் பெட்டியிலேயே இருக்கிறது என்றும், புதுக்குடியிருப்பு வீட்டில் அதைப் பூட்டினால் எரிந்துவிடுமோ என்ற பயத்தில் ஒருவரும் தொடவில்லை என்றும், வானொலியும் பழைய சீடிகளும் கேட்க அப்பா ஆசைப்படுகிறார் என்றும் எழுதியிருக்கிறீர்கள். பயந்து நின்றது நல்லதாகப் போயிற்று. வன்னியில் நீண்ட காலமாக வானொலிகளையும் அம்பிளிபயர்களையும் திருத்தி வருகிறேன். வெளிநாட்டிலிருந்து வந்து என் மேசையில் ஏறிய செற்றுகளில் பெரும்பாலானவை பாவித்துப் பழுதானவை அல்ல, முதல் நாளில் பிளக்கைச் செருகிய அந்தக் கணத்திலேயே போனவை. எரியாமல் தப்பிய செற்றுகளிலும் பல, வயரை மாற்றிப் பூட்டியதாலோ ஸ்பீக்கரை வைக்கக் கூடாத இடத்தில் வைத்ததாலோ, தன் தரத்தில் பாதியைக்கூடக் காட்டாமல் பாடிக்கொண்டிருக்கின்றன. ஆகவே முதல் நாள் வேலையைப் பற்றியே அதிகம் எழுதுகிறேன்.

செற்றைக் கவிழ்த்து, பின்புறத்திலோ அடிப்புறத்திலோ ஒட்டியிருக்கும் சிறிய தகட்டைப் படியுங்கள். வயரின் நடுவில் கறுப்பு அடப்டர் இருந்தால் அதன் முதுகிலும் படியுங்கள். ‘100–240 வோல்ற், 50/60 ஹேர்ட்ஸ்’ என்று எழுதியிருந்தால் கவலையில்லை. பிளக்கின் வடிவத்தை மாற்றித் தரும் ஒரு சிறிய அடப்டர் போதும். ‘120 வோல்ற், 60 ஹேர்ட்ஸ்’ என்று மட்டும் எழுதியிருந்தால், அந்தச் செற் கனடாவின் மின்சாரத்துக்கு மட்டும் செய்யப்பட்டது. நமது வீட்டுச் சுவரில் வருவதோ 230 வோல்ற், 50 ஹேர்ட்ஸ். சில செற்றுகளின் பின்புறத்தில் ஸ்குரூ டிரைவரால் திருப்பக்கூடிய வோல்ற் சுவிச் ஒன்று இருக்கும். இருந்தால் அதை 220 அல்லது 230 என்ற பக்கம் திருப்பிவிட்டு, திருப்பியதை இன்னொருவரிடமும் காட்டிச் சரிபார்த்த பிறகே சுவர் சுவிச்சைப் போட வேண்டும்.

இங்கேதான் பலர் தவறிவிடுகிறார்கள். பயண அடப்டர் என்று விற்கப்படுவது பிளக்கின் உருவத்தை மட்டுமே மாற்றும், வோல்ற்றைக் குறைக்காது. சில ஆண்டுகளுக்கு முன்னர், மொன்றியலிலிருந்து வந்த ஒரு செற்றை அப்படிப்பட்ட அடப்டரில் செருகிவிட்டு ஒரு குடும்பம் என்னிடம் கொண்டு வந்தது. மூடியைத் திறந்தபோது, மின்வழங்கிப் பகுதியில் இருந்த பெரிய கப்பாசிற்றரின் தலை நான்காகப் பிளந்து, உள்ளே சுருட்டியிருந்த தாளும் தகடும் பஞ்சுபோல வெளியே தள்ளியிருந்தன. பலகை முழுவதும் மீன் வாடை கலந்த ஒரு நெடி. அந்தக் கப்பாசிற்றர் தாங்கக்கூடியது 200 வோல்ற். நமது 230 வோல்ற் மாறுமின்னோட்டம் நேராக்கப்படும்போது அதன் உச்சம் ஏறத்தாழ 325 வோல்ற் ஆகும் என்பதால், அது வெடித்ததில் வியப்பில்லை. அந்தச் செற்றை என்னால் மீட்க முடிந்தது, ஆனால் எல்லாச் செற்றுக்கும் அந்த அதிர்ஷ்டம் வாய்ப்பதில்லை.

120 வோல்ற் செற்றாக இருந்தால் 230 இலிருந்து 110 அல்லது 120 வோல்ற்றுக்கு இறக்கும் டிரான்ஸ்போமர் ஒன்று வாங்க வேண்டும். தகட்டில் 45 வாற் என்றிருந்தால், டிரான்ஸ்போமர் தாங்கும் சுமையின் அளவு (VA என்று எழுதியிருக்கும்) 100 வோல்ற்-அம்பியருக்குக் குறையாததை எடுங்கள். மலிவானவற்றில் எழுதியிருக்கும் அளவை அப்படியே நம்ப முடியாது என்பதால் 150 அல்லது 200 எடுப்பதே என் வழக்கம். கையில் தூக்கினால் பாரமாக இருக்க வேண்டும். உள்ளங்கைக்குள் அடங்கும் இலேசான மாற்றிகள் தலைமுடி உலர்த்தி போன்ற சூடேற்றும் சாமான்களுக்கானவை. இலத்திரனியல் சாதனத்துக்கு அவை ஆபத்து. டிரான்ஸ்போமர் வோல்ற்றை இறக்குமேயன்றி, 50 ஹேர்ட்ஸை 60 ஆக்காது. பாட்டுக்கு அதனால் குறைவில்லை. ஆனால் மின்சாரத்தின் அதிர்வெண்ணை எண்ணி ஓடும் வகைக் கடிகாரம் செற்றில் இருந்தால், அது மணிக்கு 10 நிமிடம் பிந்தும். அப்பா அதை நம்பி மருந்து குடிக்கக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

பிளக் விடயம் முடிந்தால் அடுத்தது ஸ்பீக்கர் வயர். செற்றின் பின்புறத்தில் வலம், இடம் என்று இரண்டு சோடி முனைகள் இருக்கும். ஒவ்வொரு சோடியிலும் ஒன்று சிவப்பு, மற்றது கறுப்பு. வயரிலும் இரண்டு இழைகளுள் ஒன்றுக்கு அடையாளம் இருக்கும்: நிறக்கோடாகவோ, செம்பு நிறத்துக்கும் வெள்ளி நிறத்துக்குமான வேறுபாடாகவோ, தடவினால் மட்டும் தெரியும் ஒரு வரம்பாகவோ இருக்கலாம். அடையாளமுள்ள இழையைச் சிவப்புக்கு என்று முடிவு செய்தால், செற்றின் பக்கமும் ஸ்பீக்கரின் பக்கமும், வலமும் இடமும், நான்கு இடத்திலும் அதையே கடைப்பிடிக்க வேண்டும். முனையில் ஒரு சென்ரிமீற்றர் அளவுக்கு மட்டும் தோலுரித்து, இழைகளை இறுக்கமாக முறுக்கி, ஒரு மயிரிழைகூடப் பக்கத்து முனையைத் தொடாதபடி செருகுங்கள். அந்த ஒரு இழை தொட்டால் அம்பிளிபயரின் ஐசி போய்விடும், அல்லது நல்ல செற்றாக இருந்தால் தன்னைக் காத்துக்கொள்ள அணைந்து அணைந்து எரியும். இந்த வேலை முழுவதும் பிளக் சுவரில் இல்லாதபோதே நடக்க வேண்டும்.

ஒரு ஸ்பீக்கரில் மட்டும் சிவப்பும் கறுப்பும் மாறிவிட்டால் செற் எரியாது, பாட்டும் கேட்கும். அதனாலேயே பல வீடுகளில் ஆண்டுக்கணக்காக அது கவனிக்கப்படாமல் இருக்கிறது. ஒரு ஸ்பீக்கரின் கூம்பு முன்னே தள்ளும் நேரத்தில் மற்றதன் கூம்பு பின்னே இழுக்கிறது. ஒன்று தள்ளிய காற்றை மற்றது உறிஞ்சிக்கொள்வதால் தாழ்ந்த ஒலிகள் அறையிலேயே அழிந்துபோகின்றன. மிருதங்கத்தின் இடந்தலை ஒலி எழும்பாது. பாடகரின் குரல் இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவில் நிற்காமல், எங்கிருந்து வருகிறது என்று சொல்ல முடியாதபடி தலையைச் சுற்றி அலையும். ஒரு குரல் மட்டும் பாடும் பாட்டைப் போட்டு நடுவில் உட்கார்ந்து கேளுங்கள்: கண்ணை மூடினால் பாடுகிறவர் இரண்டு பெட்டிகளுக்கும் நடுவே, ஒன்றுமில்லாத இடத்தில் இருப்பதுபோலத் தோன்ற வேண்டும். தோன்றாவிட்டால் ஒரு பக்கத்தில் மட்டும் இரண்டு இழைகளையும் இடம் மாற்றிப் பாருங்கள்.

வயரின் அடையாளமே அழிந்திருந்தால் ஒரு ரோச் பற்றரி போதும். வயரைச் செற்றிலிருந்து கழற்றிவிட்டு, ஸ்பீக்கரின் முன்மூடியை எடுத்து, பெரிய கூம்பைக் கிட்ட நின்று பார்த்துக்கொண்டு, வயரின் இரண்டு முனைகளையும் 1.5 வோல்ற் பற்றரியின் இரு முனைகளில் ஒரு கணம் மட்டும் தொடுங்கள். ‘டப்’ என்ற சத்தத்துடன் கூம்பு நெல்மணி அளவுக்கு அசையும். வெளியே தள்ளினால், பற்றரியின் மேல் குமிழைத் தொட்ட இழையே சிவப்புக்குரியது. உள்ளே போனால் மற்றது. அந்த இழையில் உடனே ஒரு முடிச்சோ, ஒரு துண்டு சிவப்பு நூலோ கட்டிவிடுங்கள். நான் இப்போதும் இப்படித்தான் பார்க்கிறேன்.

ஸ்பீக்கர்களின் பின்புறத்தில் 4 ஓம், 6 ஓம் என்று அவற்றின் மின்தடை அளவு எழுதியிருக்கும். செற்றோடு வந்த சோடியையே பாவியுங்கள். வீட்டிலுள்ள வேறு ஸ்பீக்கர்களையும் அதே முனையில் சேர்த்துச் செருகினால் ஓம் அளவு குறைந்து, செற் தாங்க முடியாத மின்னோட்டம் அதனிடமிருந்து இழுக்கப்படும்.

இனி, எங்கே வைப்பது. நமது வீடுகளில் வழக்கம் ஒன்று உண்டு: ரீவி இருக்கும் கண்ணாடி அலுமாரியில் செற்றை நடுவில் வைத்து, ஸ்பீக்கர்கள் இரண்டையும் அதன் இரு காதுகள்போல ஒட்டி வைப்பது. பார்க்க வடிவாக இருக்கும். ஆனால் அப்படி வைத்தால் இரண்டு ஸ்பீக்கர் இருந்தும் ஒரு ஸ்பீக்கர் இருப்பதுபோலத்தான் கேட்கும். போதாக்குறைக்கு அலுமாரியின் கண்ணாடியும் உள்ளே இருக்கும் கோப்பைகளும் சேர்ந்து அதிரும். ஸ்பீக்கர்கள் ஒன்றுக்கொன்று 5 முதல் 7 அடி தள்ளியிருக்க வேண்டும். அப்பாவின் கதிரை இரண்டிலிருந்தும் ஏறத்தாழ அதே தூரத்தில், மூன்றும் சேர்ந்து ஒரு முக்கோணமாக அமைய வேண்டும். உயர்ந்த ஒலி தரும் சின்னக் கூம்பு, உட்கார்ந்திருப்பவரின் காது மட்டத்துக்கு வர வேண்டும். செற்றோடு தரும் வயர் இதற்குக் குட்டையாக இருப்பது வழக்கம். கடையில் 0.75 அல்லது 1 சதுர மில்லிமீற்றர் இரட்டை வயர் வாங்கி, இரண்டு பக்கத்துக்கும் ஒரே நீளமாக வெட்டிப் பூட்டுங்கள்.

சுவரோடு ஒட்ட வைக்காதீர்கள். ஸ்பீக்கரின் பின்னால் வட்டமான ஓட்டை இருந்தால், அது தாழ்ந்த ஒலி மூச்சுவிடும் வழி. அதற்கும் சுவருக்கும் இடையே குறைந்தது ஒரு சாண் இடம் வேண்டும். அறையின் மூலையில் வைத்தால் தாழ்ந்த ஒலி அளவுக்கு மீறி ஊதி, தவில் எல்லாம் ஒரே ‘தும் தும்’ ஆகிவிடும். மேசையின் அதிர்வைத் தடுக்க விலையுயர்ந்த பொருள் தேவையில்லை: பழைய இறப்பர் செருப்பில் ஐந்து சதக் குற்றி அளவில் எட்டுத் துண்டு வெட்டி, ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் நான்கு மூலையிலும் அடியில் வையுங்கள். வைத்தபின் மேசையில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். முன்பு கையில் உணர்ந்த நடுக்கம் குறைந்திருக்கும்.

அறையையும் கவனிக்க வேண்டும். மீள்குடியேற்றத்துக்குப் பின் கட்டிய நமது வீடுகளில் பெரும்பாலானவை சீமெந்துத் தரை, பூசிய சுவர், சாமான் குறைந்த சிறிய முன்னறை. நடுவில் நின்று ஒருமுறை கை தட்டுங்கள். ‘டர்ர்’ என்று ஒரு வால் நீண்டு கேட்டால், பாட்டிலும் அந்த வால் ஒவ்வொரு சொல்லிலும் ஒட்டிக்கொண்டு வரும். ஓலைப் பாய் இதற்கு அவ்வளவு உதவாது, தடித்த துணிதான் ஒலியைக் குடிக்கும். சன்னலுக்கு மடிப்பு மடிப்பான திரை, தரையில் ஸ்பீக்கருக்கும் கதிரைக்கும் இடையில் ஒரு கனத்த விரிப்பு, பின்சுவரில் புத்தக அலுமாரி, இவ்வளவும் செய்தால் புதிதாக ஒரு செற் வாங்கியதுபோன்ற வித்தியாசம் தெரியும். மிகைப்படுத்திச் சொல்லவில்லை; செய்து பார்த்தவர்கள் என்னிடம் வந்து செற்றுக்குள் என்ன மாற்றினீர்கள் என்று கேட்டிருக்கிறார்கள்.

அப்பாவுக்கு முக்கியமானது வானொலி என்றீர்கள். எப்.எம். அன்ரனாவாக ஒரு மெல்லிய வயரோ, ஆங்கில ‘டி’ எழுத்தைப் போன்ற, கை விரித்த வயரோ பெட்டியில் இருக்கும். அதைச் சுருட்டிய கட்டிலிருந்து அவிழ்க்காமலே பின்னால் தொங்கவிடுவதுதான் இரைச்சலுக்கு முதற்காரணம். வன்னியின் எப்.எம். ஒலிபரப்புக்கு 2011 இல் திறக்கப்பட்ட கொக்காவில் கோபுரம் பெரிய துணை. ஏ9 வீதியில் போகிறவர்கள் எல்லாரும் பார்த்திருக்கும் அந்தக் கோபுரம் 170 மீற்றருக்கும் அதிக உயரமானது. கைவிரித்த அன்ரனா, தன் கைகளுக்குக் குறுக்காக வரும் அலையையே நன்றாகப் பிடிக்கும். புதுக்குடியிருப்பிலிருந்து கொக்காவில் மேற்கே இருப்பதால், கைகள் வடக்குத் தெற்காக நிற்கும்படி சுவரில் உயரத்தில் ஆணி அடித்துக் கட்டுங்கள். பெட்டியில் அன்ரனா இல்லாவிட்டால் நாமே செய்யலாம்: 143 ஐ நிலையத்தின் மெகாஹேர்ட்ஸ் எண்ணால் வகுத்தால் கைகளின் மொத்த நீளம் மீற்றரில் வரும். 100 மெகாஹேர்ட்ஸுக்கு 1.43 மீற்றர், அதாவது ஒவ்வொரு கையும் ஏறத்தாழ 72 சென்ரிமீற்றர். நிலையம் மெலிந்து ‘ஸ்’ என்ற இரைச்சல் தொடர்ந்தால், ரிமோட்டில் ஸ்டீரியோவை மோனோவாக மாற்றுங்கள். இரு பக்கப் பிரிவு போனாலும் இரைச்சல் பெருமளவு அடங்கும்.

கனடாச் செற்றில் இன்னும் ஒரு நுட்பம் உண்டு. வட அமெரிக்காவில் மத்திய அலை நிலையங்கள் 10 கிலோஹேர்ட்ஸ் இடைவெளியிலும், நமது பக்கத்தில் 9 கிலோஹேர்ட்ஸ் இடைவெளியிலும் இருக்கின்றன. அப்பா கேட்கக்கூடிய தூத்துக்குடி வானொலி 1053 கிலோஹேர்ட்ஸில் வருகிறது. 10 படியில் நகரும் செற் 1050 இல் நிற்கும், அடுத்து 1060 க்குத் தாவும். நிலையத்தின் மேல் சரியாக அமராது. எப்.எம். பகுதியிலும் 88.1, 88.3 என்று ஒற்றைத் தசமங்களில் மட்டும் நிற்கும் செற்றுகள் உண்டு. பல செற்றுகளில் இந்த இடைவெளியை மாற்ற வழி வைத்திருக்கிறார்கள். எந்தப் பொத்தானை அழுத்தியபடி செற்றைப் போட வேண்டும் என்பது கைநூலில் இருக்கும், மாற்றினால் முன்பு சேமித்த நிலையங்கள் அழியும். இடைவெளி சரியான பிறகும் எப்.எம். ஒலி சற்று மந்தமாகத் தோன்றினால் செற் பழுது என்று எண்ண வேண்டாம். எப்.எம். செற்றுகள் உயர்ந்த ஒலிகளைச் சற்றுத் தணித்தே தரும்; அந்தத் தணிப்பின் அளவு அங்கே 75 மைக்ரோசெக்கன், இங்கே 50, எண் கூடினால் தணிப்பும் கூடும். அதனால் கனடாச் செற் தேவைக்கு மேல் தணித்துவிடுகிறது. டிரெபிளை இரண்டு படி கூட்டினால் சரி.

சீடி, பென்டிரைவ், புளூடூத் மூன்றும் இலகு. சீடியை நடுவிலிருந்து விளிம்புக்கு நேர்கோடாகத் துடையுங்கள், வட்டமாகத் துடைக்க வேண்டாம். பென்டிரைவ் தெரியவில்லை என்று செற் சொன்னால் பெரும்பாலும் அதில் கோப்புகள் அடுக்கப்படும் முறையே (போர்மற்) காரணம். கணினியில் ‘ஃபாட் 32’ ஆக மாற்றி, பாடல்களை எம்பி3 ஆகப் போட்டுக் கொடுங்கள். புளூடூத்தில் போனின் சத்தத்தை ஏறத்தாழ முழுதாக வைத்து, கூட்டுவதையும் குறைப்பதையும் செற்றில் செய்தால் ஒலி தெளிவாக இருக்கும்.

சத்தம் கூட்டும்போது, குரல் கரகரக்கத் தொடங்கும் இடத்தில் நிறுத்திச் சற்றுக் குறையுங்கள். அந்தக் கரகரப்பு அம்பிளிபயரின் சக்தி தீர்ந்து அலையின் தலை வெட்டுப்படுவதால் வருகிறது. சின்னக் கூம்பின் சுருள் எரிவது பெரும்பாலும் அப்போதுதான். பெட்டியில் ஆயிரக்கணக்கில் எழுதியிருக்கும் ‘பிஎம்பிஓ’ வாற்றைப் பார்த்து ஏமாற வேண்டாம். ‘ஆர்எம்எஸ்’ என்று எழுதிய எண்ணே உண்மையான அளவு. ஒரு சேனல் 10 வாற் என்றாலும் ஒரு முன்னறைக்குத் தாராளம். சக்தியை இரண்டு மடங்காக்கினாலும் சத்தம் 3 டெசிபல்தான் ஏறும்.

நமது இடத்துக்கே உரிய சில காவல்களும் வேண்டும். கரண்ட் நின்றால் உடனே செற்றின் சுவர் சுவிச்சை நிறுத்துங்கள். திரும்பி வரும் முதல் கணங்களில் வோல்ற் நிலையாக இருப்பதில்லை. ஐப்பசி, கார்த்திகை இடிமழையில் சுவிச்சை நிறுத்துவது மட்டும் போதாது, பிளக்கையும், வெளியே கட்டிய அன்ரனா இருந்தால் அதன் வயரையும் கழற்றிவிட வேண்டும். சூரிய மின்கலத்தில் ஓடும் மலிவு இன்வேட்டரில் பூட்டினால் ‘ர்ர்’ என்ற முனகல் வரலாம். சுத்த சைன் அலை தரும் இன்வேட்டரில் அது இராது. காற்றோட்டத் துளைகளால் பல்லியும் எறும்பும் உள்ளே போகும். அணைத்துச் சூடு ஆறிய பிறகு துணியால் மூடுங்கள், பாடும்போது மூடாதீர்கள்.

அப்பாவுக்காக ரிமோட்டில் மூன்று பொத்தான்களில் மட்டும், செற்றைப் போடுவது, சத்தம் கூட்டுவது, குறைப்பது ஆகியவற்றில், சிறிய வெள்ளைப் பிளாஸ்ரர் துண்டு ஒட்டிவிடுங்கள். 1990களில் பற்றரிகூட வன்னிக்குள் வராத காலத்தில், சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, ஒருவர் பெடலைச் சுற்ற, டைனமோவில் வரும் 6 வோல்ற்றில் செய்தி கேட்ட தலைமுறை அது. மத்திய அலையைத் தேடிப் பிடிப்பதை நாம் அவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை. மத்திய அலைக்கான, சட்டம் போன்ற சதுர அன்ரனாவைச் செற்றிலிருந்தும் எல்இடி விளக்குகளிலிருந்தும் போன் சார்ஜரிலிருந்தும் தள்ளி வைத்து, அதன் விளிம்பு மேற்குக்குச் சற்றுத் தெற்கே, தூத்துக்குடித் திசையைச் சுட்டும்படி திருப்பி வைத்துக் கொடுங்கள். பகலில் மெலிந்திருந்தாலும், பொழுதுபட்டபின் மேல்வானத்தில் அலையை விழுங்கும் படை மறைந்துவிடுவதால், இரவு ஏழு எட்டு மணிக்கு மேல் தூர நிலையங்கள் ஏறி வரும். முதல் நாள் அவரோடு அந்த நேரத்தில் உட்கார்ந்து பிடித்துப் பாருங்கள்.